சுத்தியல் கேட்டதற்கான விளக்கம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். அங்கே நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலமாக இருக்க வேண்டும், உங்கள் முதுகுவலி ஒன்றைத் தவிர. அது மட்டும் நாளுக்கு நாள் நலிந்து போகட்டும்.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். கேட்க மாட்டீர்கள், மனசுக்குள் நினைப்பீர்கள். ஃபோனில் நீங்கள் "சாப்டியா? சரி, இந்தா அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று முடித்துவிடுவீர்கள். நாம் இருவரும் அதிகபட்சம் பேசியது பதினோரு நொடி. கடிதத்தை அப்படி அம்மாவிடம் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் இதோடு ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன், அதில் தந்தையின் கையெழுத்து என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அது அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் வேதியியல் படிக்கவில்லை. பதற வேண்டாம், எங்கும் ஓடிப்போகவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் நிலவியல் வகுப்பில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன். அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவும் செய்துவிட்டேன். கையெழுத்து அதற்குத்தான்.

எப்படி நடந்தது என்றால், அப்பா, கோபிக்காமல் கேளுங்கள், இதற்கு நீங்களும் ஒரு காரணம். முதல் நாள் காலையில் கால அட்டவணையில் இரண்டாம் மாடி, பன்னிரண்டாம் அறை என்று போட்டிருந்தது. என் அறைத்தோழி இருக்கிறாளே, ஐந்து அலாரம் வைத்து மாடி முழுவதையும் எழுப்பிவிட்டுத் தான் மட்டும் தூங்குகிறவள், அவளை இங்கே எல்லோரும் அலாரம் என்றே கூப்பிடுகிறோம், அவள் கணக்கு படிக்கிறாள், குளியலறை வரிசையில் முன்னால் நின்றவள், பின்னால் நின்றவள், விடுதிக் காவலாளி என்று மூன்று பேரைக் கேட்டு ஐந்தே நிமிஷத்தில் தன் வகுப்புக்குப் போய்விட்டாள். "உனக்கும் சேர்த்துக் கேக்கட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். நம் வீட்டுப் பிள்ளை வழி கேட்கலாமா? முப்பது வருஷமாக ரொட்டி வேன் ஓட்டுகிறவர் நீங்கள், உங்கள் மகள் ஒரு வகுப்பறைக்கு வழி கேட்டாள் என்று நாளை யாராவது சொன்னால் உங்கள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? வாசலில் பெரிதாக வரைபடம் மாட்டியிருந்தார்கள், அதையும் பார்க்கவில்லை. வரைபடம் பார்ப்பது வாயைத் திறக்காமல் வழி கேட்பது என்று நீங்கள்தானே சொல்வீர்கள். இங்கே பழைய கட்டடமும் புதுக் கட்டடமும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, இரண்டிலும் இரண்டாம் மாடி இருக்கிறது, இரண்டிலும் பன்னிரண்டாம் அறை இருக்கிறது. நான் பழையதில் ஏறிவிட்டேன்.

ஒரு கல்யாணத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் யாரையும் கேட்காமல் நேரே வண்டியைக் கொண்டுபோய் மண்டப வாசலில் நிறுத்தினீர்கள். பந்தியில் சாப்பிட்டு, பரிசைக் கொடுத்து, மாப்பிள்ளை பெண்ணோடு ஃபோட்டோவும் எடுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அது வேறு யாரோ வீட்டுக் கல்யாணம் என்று அம்மா கண்டுபிடித்தாள். அப்போதுகூட நீங்கள் "சாப்பாடு நல்லாத்தானே இருந்துச்சு" என்றீர்கள். அதே ரத்தம்தான் எனக்கும்.

வகுப்பில் சந்தேகம் வரவில்லையா என்றால், வந்தது. ஆனால் முதல் நாள் பேராசிரியை மணலில் என்ன இருக்கிறது என்று நடத்தினார், அது வேதியியல்தானே என்று எழுதிக்கொண்டேன். இரண்டாம் நாள் ஆளுக்கொரு பூதக்கண்ணாடி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். வருகைப் பதிவில் என் பெயர் இல்லை, அலுவலகத்தில் எப்போதும் நாலு பேரை விட்டுவிடுவார்கள் என்று சொல்லிப் பேராசிரியை கடைசியில் பென்சிலால் எழுதிக்கொண்டார். நாலாம் நாள் எல்லோரும் ஒரு சுத்தியல் கொண்டு வர வேண்டும் என்றார். வேதியியலுக்குச் சுத்தியல் எதற்கு என்று ஒரு நிமிஷம் நெருடியது. ஏதோ பழைய முறையில் சொல்லிக்கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு அன்று சாயங்காலமே உங்களுக்கு ஃபோன் செய்தேன். பதினோரு நொடி பேசியது அன்றைக்குத்தான். பெற்ற மகள் விடுதியிலிருந்து சுத்தியல் வேண்டும் என்கிறாள், வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் எதற்கு என்று கேட்டிருப்பார். நீங்கள் "எந்த சைஸ்?" என்றீர்கள். அவ்வளவுதான், நம் இருவர் லட்சணம்.

ஒன்பதாம் நாள், பென்சில் பெயர்க்காரர்கள் சேர்க்கைச் சீட்டைக் கொண்டு வந்து காட்ட வேண்டும் என்றார்கள். அலுவலகம் எங்கே என்று கேட்காமல், கையில் கோப்பு வைத்திருந்த ஒருவரைப் பின்தொடர்ந்தேன். அவர் கேன்டீனுக்குப் போனார். நானும் ஒரு டீ குடித்தேன். அவர் எழுந்ததும் எழுந்து, அவர் பின்னாலேயே போய், ஒருவழியாக அலுவலகம் சேர்ந்தேன். அங்கே குமாஸ்தா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "நீங்க வேதியியல்மா. ஒன்பது நாளா அங்க உங்க பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓஞ்சு போயிட்டாங்க" என்றார். திரும்பி வந்து பேராசிரியையிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை.

"யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா?"

"எங்க வீட்ல வழி கேக்கற பழக்கம் இல்லைங்க மேடம்."

"அப்பா என்ன பண்றார்?"

"வேன் ஓட்டறார்."

எழுந்து நின்றவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அழாத குறையாக நின்றேன். அதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். நிலவியலில் இரண்டு இடம் காலியாக இருப்பதாகவும், ஆனால் ஒரு நாள் முழுக்க உண்மையாக வேதியியல் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். மறுநாள் உட்கார்ந்தேன். அந்த ஆசிரியர் தங்கமான மனுஷர், ஒன்பது நாள் பாடத்தையும் எனக்காகச் சுருக்கிச் சொன்னார், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் நான் மேஜையைத் தடவிக்கொண்டே இருந்தேன், அப்பா. அது என்ன கல் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஆற்றோரம் கூட்டிக்கொண்டு போனார்கள். பேராசிரியை என் கையில் ஒரு கூழாங்கல்லை வைத்து, இது இங்கே பிறந்ததில்லை, எங்கிருந்து வந்தது என்று அதையே கேள் என்றார். ஒரு மணி நேரம் அதை வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு உருண்டிருக்கிறது, என்ன நிறம், உடைத்தால் உள்ளே என்ன, என்று பார்க்கப் பார்க்க, மேலே நாற்பது மைல் தள்ளி இருக்கிற மலையிலிருந்து வந்தது என்று நானே கண்டுபிடித்தேன். சரி என்று அவர் தலையாட்டியபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை. இப்போது எங்கள் ஜன்னல் விளிம்பில் பதினேழு கல் வரிசையாக இருக்கிறது. அலாரம் துணி காயப்போட இடமில்லை என்று திட்டுகிறாள், இருந்தாலும் நேற்று அவளே ஒன்று பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

பக்கத்து வீட்டுப் பெயின்ட் கம்பெனி மாமா, வேதியியல் படித்தால் வேலை வாங்கித் தருகிறேன் என்று சொன்னது எனக்குத் தெரியும். நீங்கள் ரொட்டிக் கம்பெனி முழுக்க என் மகள் வேதியியல் படிக்கிறாள் என்று சொல்லிவைத்திருப்பதும் தெரியும், அடுப்புக்காரர்வரைக்கும். அதுதான் எனக்கு உறுத்துகிறது, வேறொன்றும் இல்லை. ஆனால் நான் உங்களை ஏமாற்றவில்லை. வழி தவறித்தான் வந்தேன், வந்த இடம் எனக்குப் பிடித்துவிட்டது. நீங்கள் மாட்டேன் என்றால் வேதியியல் படிக்கிறேன், நன்றாகவே படிக்கிறேன். ஆனால் மூன்று வருஷமும் அந்த மேஜையைத் தடவிக்கொண்டுதான் படிப்பேன்.

கையெழுத்து வலது பக்கம் கீழே. இடது பக்கம் முதல்வருக்கு உள்ளது, யாரையும் கேட்காமல் அங்கே போட்டுவிடாதீர்கள். சுத்தியலைப் பார்சலில் அனுப்புங்கள், நடுத்தர சைஸ் போதும். தயவுசெய்து நேரில் மட்டும் வராதீர்கள். இங்கே ஆறு வாசல் இருக்கிறது, நீங்கள் யாரையும் கேட்க மாட்டீர்கள், வெள்ளிக்கிழமை தாண்டியும் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். நான் இனிமேல் வழி கேட்பது என்று முடிவு செய்துவிட்டேன். நேற்று மட்டும் மூன்று பேரைக் கேட்டேன். இரண்டு இடம் எனக்கு முன்பே தெரியும், சும்மா பழகுவதற்காகக் கேட்டேன். ஒன்றும் ஆகிவிடவில்லை, மரியாதை அப்படியேதான் இருக்கிறது.

அம்மாவுக்கு என் அன்பு. தம்பியை என் அலமாரியைத் தொட வேண்டாம் என்று சொல்லவும். உங்கள் சம்மதத்தையும் ஆசியையும் ஒரே கையெழுத்தில் எதிர்பார்க்கும்,

உங்கள் மகள்,
நிலவியல், முதலாம் ஆண்டு
(இப்போதைக்குப் பென்சிலில்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அலாரம் ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். கீழே ஒருவர் அரை மணி நேரமாக விடுதியைச் சுற்றிச் சுற்றி வருகிறாராம், கையில் நீளமாக ஏதோ துணியில் சுற்றி வைத்திருக்கிறாராம், காவலாளியைக் கூப்பிடலாமா என்று கேட்டாள். எட்டிப் பார்த்தேன். அந்தச் சட்டை அம்மா வாங்கிக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை வேன் ஓடாது என்பதை எப்படி மறந்தேன்? நீங்கள் மூன்றாவது சுற்று வருகிறீர்கள், அப்பா. இதோ நிற்கிறீர்கள். சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறீர்கள். காவலாளியிடம் போகிறீர்கள். அவரிடம் ஏதோ கேட்கிறீர்கள். வழி கேட்கிறீர்கள், அப்பா. என் கண்ணால் பார்த்துவிட்டேன், அலாரம் சாட்சி. எனக்காக வாயைத் திறந்து கேட்டுவிட்டீர்கள். காவலாளி இடது பக்கம் கை காட்டுகிறார். நீங்கள் தலையாட்டிவிட்டு வலது பக்கம் போகிறீர்கள். அது பையன்கள் விடுதி, அப்பா. அங்கேயே நில்லுங்கள். விண்ணப்பத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு நானே இறங்கி வருகிறேன்.