கோஸ்தானில் வந்த மாப்பிள்ளை

கார் வைத்திருக்கிறவர்களை மூன்று ரகமாகப் பிரிக்கலாம். ஓட்டுகிறவன் முதல் ரகம். இவனுக்குக் கார் செருப்பு மாதிரி. மாட்டிக்கொண்டு போவான், வந்து வாசலில் விட்டுவிடுவான். துடைக்கிறவன் இரண்டாவது ரகம். மழை வந்தால் குடையைப் பெண்டாட்டிக்குக் கொடுக்கமாட்டான், பானட்டுக்குப் பிடிப்பான். மூன்றாவது ரகம் கழற்றுகிறவன். நன்றாக ஓடுகிற காரைப் பார்த்தால் இவனுக்குச் சோறு இறங்காது. அது ஏன் ஓடுகிறது என்று திறந்து பார்த்தே ஆகவேண்டும். பார்த்த பிறகு அது ஓடாது.

நான் மூன்றாவது ரகம்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. மலாக்கா பக்கம் நியாலாஸுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், ஊரடங்கு. ரோட்டில் இறங்கினால் சோதனைச் சாவடி. ஒரு படி அரிசி கையில் இருந்தால்கூட, காட்டுக்குள் ஒளிந்து பட்டாளத்தோடு சண்டை போடுகிறவர்களுக்கு எடுத்துப் போகிறாயா என்று கேட்பார்கள். புத்தியுள்ளவன் யாரும் அந்தச் சமயத்தில் கார் வாங்கமாட்டான். ஆறு மணிக்கு மேல் எங்கேயும் போகமுடியாத ஊரில், சீமைக்குத் திரும்பிப் போன சின்ன தொரையின் பழைய கறுப்புக் காரை ஆசையாக வாங்கியவன் நான் ஒருத்தன்தான்.

போக இடமில்லாததால் வேலிக்குள்ளேயே ஓட்டினேன். ஆபீஸிலிருந்து புகைவீட்டுக்கு, புகைவீட்டிலிருந்து ஆபீஸுக்கு. (நடந்தால் சீக்கிரம் போயிருக்கலாம்.) சாயங்காலமானால் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டாக்டர் மாதிரி காதை வைத்துக் கேட்பேன். பால் வெட்டிவிட்டு வருகிறவர்கள், "என்னா கிராணியாரே, புள்ள பொழைக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

இந்தக் காரை வைத்துத்தான் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிற டிரெசர் ஐயாவின் மகள். பெயர் தனலெட்சுமி. அந்தப் பெண்ணை நான் ஒரு தடவை பார்த்திருந்தேன், முதுகுப் பக்கமாக. மாரியம்மன் கோவில் திருவிழாவில் அர்ச்சனைக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர் தள்ளி ஒரு பின்னல், அதில் ஒரு மஞ்சள் செவ்வந்தி. யாரோ ஒருவர் நடுவில் புகுந்தபோது அந்தப் பின்னல் சொன்னது: "அண்ணே, சாமி எங்கியும் ஓடிப்போவாது. வரிசையில வாங்க." அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தக் குரலுக்கு ஒரு முகம் இருக்குமே, அது எப்படி இருக்கும் என்பதே என் யோசனை. கார்பரேட்டரைக் கழற்றும்போதும் அதே யோசனை.

என் தாய்மாமன் காத்தமுத்துதான் போய்ப் பேசினார். "மாப்ளைக்குச் சொந்தக் கார் இருக்கு" என்று அவர் போட்ட ஒரே போடில் டிரெசர் ஐயா, "சனிக்கிழமை சாயந்தரம் வரச் சொல்லுங்க" என்றாராம். தங்கள் தோட்டத்துக் கேட்டில் மாமா, அம்மா, நான் என்று மூவர் பெயரையும் சொல்லி, அந்த ஒரு நாளுக்குத்தான் அனுமதி வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மலாக்கா டவுனிலிருந்து தபால் ஆபீஸ் மாப்பிள்ளை ஒருவர் பார்க்க வருகிறார் என்பதையும் மாமா வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை போய்ச் சேராவிட்டால் பின்னல் தபாலில் போய்விடும் என்று எனக்குப் புரிந்தது.

ஆகவே வெள்ளிக்கிழமையே காரைத் தயார் செய்யத் தொடங்கினேன்.

கழுவினேன். மெழுகு போட்டேன். அதோடு நின்றிருந்தால் இன்றைக்கு எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. கியர் போடும்போது 'கரக்' என்று ஒரு சத்தம். பெண் வீட்டு வாசலில் அந்தச் சத்தம் கேட்டால் என் கௌரவம் என்ன ஆவது? கியர் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, திரும்ப மாட்டினேன். மாட்டி முடித்தபோது ஒரு சின்ன ஸ்பிரிங்கும் ஒரு ஆணியும் மிச்சம். (கழற்றுகிறவனுக்கு இது பழக்கம்தான். வெள்ளைக்காரன் தேவைக்கு மேல் வைத்து முடுக்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொள்வோம்.) இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். 'கரக்' சத்தம் போயிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் புறப்பட்டோம். அம்மா பின் சீட்டில், மடியில் பூத்தட்டு. சாப்பாட்டுச் சாமான் எடுத்துப் போகக் கூடாது என்பதால் பூவும் வெற்றிலை பாக்கும் மட்டும். மாமா எனக்குப் பக்கத்தில், பட்டு ஜிப்பாவில். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டிய அம்மா, ஒன்றே ஒன்று சொன்னார்: "தம்பி, நல்ல காரியத்துக்குப் போறோம். வண்டிய கோஸ்தான் மட்டும் எடுத்துடாத. முன்ன வெச்ச கால பின்ன வெக்கக்கூடாது."

கோஸ்தான் என்றால் எங்கள் ஊரில் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டுவது. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் அதே சொல்தான்.

பாதி வழி ராஜா மாதிரி போனோம். அப்புறம் ஒரு குறுகலான பாலம். எதிரே மரம் ஏற்றிய லாரி, ஏற்கெனவே பாலத்தில் ஏறிவிட்டது. ஹாரனை அமுக்கிக்கொண்டே வருகிறான். அம்மா சொன்னதை நினைத்து நான் அசையாமல் நின்றேன். லாரியும் நின்றது. டிரைவர் இறங்கி வந்து என் காரையும் தன் லாரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தம்பி, கொஞ்சம் கோஸ்தான் போடுலா" என்று மலாயில் மரியாதையாகத்தான் கேட்டான். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் கொஞ்சம், ஒரு பத்தடி, கோஸ்தான் எடுத்தேன்.

லாரி போயிற்று. கியரை முன்னுக்குத் தள்ளினேன். வரவில்லை. இழுத்தேன், அசைத்தேன், முதலில் கெஞ்சினேன், பிறகு திட்டினேன். அது கோஸ்தானிலேயே வேரூன்றி நின்றது.

"என்னா மாப்ள?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல மாமா. முன்னால போற கியர் விழல."

"பின்னால போறது?"

"அது நல்லா விழுது."

பின் சீட்டிலிருந்து அம்மா நிதானமாக, "நான் சொன்னேனா இல்லியா" என்றார். அதை அன்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவை அல்ல.

யோசித்துப் பார்த்தோம். காரை அங்கேயே விட்டுவிட்டு நடக்கலாம் என்றால், தனியாக நிற்கிற காரை இருட்டினதும் காட்டுக்காரர்கள் கொளுத்தினாலும் கொளுத்துவார்கள், பட்டாளத்துக்காரர்கள் சுட்டாலும் சுடுவார்கள். அப்படியே கோஸ்தானில் ஓட்டினால் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் போய்ச் சேரும். பெண் வீட்டுக்குப் போகவேண்டுமென்றால் காரைத் திருப்பி நிறுத்தி, முகம் எங்கள் வீட்டைப் பார்க்க, முதுகைக் காட்டிக்கொண்டு போகவேண்டும்.

"முதுகக் காட்டிக்கிட்டா பொண்ணு வீட்டுக்குப் போறது?" என்றார் அம்மா. "திரும்பிடலாம்டா. தபால் மாப்ள கட்டிக்கட்டும்."

அப்போது மாமா கேட்ட கேள்விக்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன்பட்டவன்.

"ஏன்க்கா, சாமி வண்டியோட மூஞ்சியப் பாக்குமா, சக்கரத்தப் பாக்குமா? வீட்டுக்குத் திரும்பினாத்தான் சக்கரம் பின்னுக்குப் போவுது. பொண்ணு வீட்டுக்குப் போனா, மூஞ்சி எங்க இருந்தா என்னா, சக்கரம் முன்னுக்குத்தான போவுது?"

அம்மா மடியில் பூத்தட்டைச் சரிசெய்துகொண்டார். சாஸ்திரத்தில் இதற்கு விடை இல்லை. "சரி, ஓட்டு" என்றார்.

கிளட்ச்சை மிதித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்ப நான் உட்கார்ந்திருந்தேன். பட்டு ஜிப்பாவோடு மாமா ஒருத்தரே முன்னும் பின்னும் தள்ளிக் காரைத் திருப்பினார். திருப்பி முடித்தபோது ஜிப்பாவில் செம்மண், முகத்தில் அதைவிடச் செம்மை.

கோஸ்தானில் கொஞ்ச தூரம் ஓட்டலாம். மைல் கணக்கில் ஓட்டுகிறவன் நிலைமை வேறு. இடது தோளுக்கு மேல் கழுத்தைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்க்கவேண்டும். ஆனால் ரோட்டுக்கும் எனக்கும் நடுவில் அம்மாவின் முகம். வழி முழுக்க நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே போனோம். பெற்ற தாயை அவ்வளவு நேரம் வைத்த கண் வாங்காமல் பார்த்த பிள்ளை மலாக்கா ராஜ்ஜியத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவரும் சும்மா வரவில்லை. சின்ன வயதில் நான் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றியது, பாட்டுப் பெட்டியைக் கழற்றியது, எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டு வந்தார். திரும்பிக்கொள்ளவும் வழியில்லை.

சோதனைச் சாவடி வந்தது. அங்கே இருந்தவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. தூரத்தில் ஒரு காரின் பின்பக்கம் தெரிகிறது. அப்படியென்றால் நம்மைப் பார்த்துவிட்டு ஓடுகிறான். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கத்துகிறார்கள். ஆனால் ஓடுகிற கார் கிட்டே கிட்டே வருகிறது. பயந்துபோன ஒரு கான்ஸ்டபிள் மணல் மூட்டைக்குப் பின்னால் படுத்துவிட்டார்.

நின்றோம். மலாய் சார்ஜன்ட் ஒருவர் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். டிக்கியே முதலில் வந்துவிட்டதால் சோதனை சுலபமாக முடிந்தது. என் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தபோதுதான் அந்த ஸ்பிரிங்கும் ஆணியும் வெளியே வந்தன.

"இது என்ன? குண்டு செய்கிற சாமானா?"

"இல்லை துவான். இந்தக் காரோட கியர் பெட்டி சாமான்."

"அது ஏன் பெட்டியில் இல்லாமல் உன் பையில் இருக்கிறது?"

மாமாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் அப்போது பார்த்த பார்வைக்குத் துப்பாக்கியே பரவாயில்லை.

எங்கே போகிறோம் என்று சார்ஜன்ட் கேட்டார். பெண் பார்க்க என்றேன். பூத்தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், எங்கள் வீட்டுத் திசையைப் பார்த்து நிற்கிற காரின் மூக்கைப் பார்த்தார். "காருக்கு விருப்பம் இல்லை போலிருக்கிறதே" என்றார். தடுப்பைத் தூக்கிவிட்டார்கள். படுத்திருந்த கான்ஸ்டபிள் எழுந்து சல்யூட் அடித்தார். யாருக்கு என்று தெரியவில்லை.

கேட் மூடுகிற நேரத்துக்கு டிரெசர் ஐயா வீட்டு வாசலில் போய் நின்றோம். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்ணின் அத்தை, எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் டிக்கிக்குச் சுற்றினார். நான் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கழுத்து திரும்பி வரவில்லை. முகம் இடது தோளுக்கு மேலேயே நின்றுவிட்டது. கும்பிட்டேன். ஐயா ஒரு பக்கம் நின்றார், என் கும்பிடு வாழைமரத்துக்குப் போயிற்று.

உள்ளே என்னைக் கை வைத்த ஒடுக்கமான நாற்காலி ஒன்றில் உட்கார வைத்தார்கள். உடம்போடு திரும்ப இடமில்லை. எனக்கு இடது பக்கம் சுவர். சுவரில் ஒரு காலண்டர், அதில் பால் டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. வலது பக்கம் சமையலறைக் கதவு. பெண் வந்தது கொலுசுச் சத்தத்தில் தெரிந்தது. காப்பித் தட்டு என் வலது காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் குழந்தையைப் பார்த்துக்கொண்டே டம்ளரைத் தேடினேன். என் விரல் காப்பிக்குள் போயிற்று.

"பாக்கச் சொன்னது பொண்ண. அவரு காலண்டர விட்டு கண்ண எடுக்கமாட்டேங்கறாரே" என்றார் அத்தை, எல்லாருக்கும் கேட்கும்படி.

"கார் வெச்சிருக்கற மிதப்பு" என்றது இன்னொரு குரல்.

மாமா என் தொடையைக் கிள்ளினார். "மாப்ள, பொண்ணு அந்தப் பக்கம்." தெரியும் மாமா, தெரியும். ஒரு முகத்தைப் பார்ப்பதற்காக இத்தனை தூரம் முதுகுப்பக்கமாக வந்தவன் நான். அந்த முகம் இதோ ஒரு முழத்தில் நிற்கிறது. நான் வெள்ளைக்காரன் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொலுசு திரும்பிப் போகத் தொடங்கியது. போய்விட்டால் அவ்வளவுதான், நாளைக்குத் தபால் ஆபீஸ்.

"கொஞ்சம் நில்லும்மா" என்றார் டிரெசர் ஐயா. எழுந்து என் பின்னால் வந்தார். தினம் தோட்டத்து ஜனங்களின் சுளுக்கைப் பார்க்கிற கை அல்லவா? "தம்பி, இப்படியேதான் வழியெல்லாம் ஓட்டிக்கிட்டு வந்தீங்களா?" என்று தாடையில் ஒரு கை, பிடரியில் ஒரு கை வைத்தார். "ஒண்ணுமில்ல. உடம்ப லேசா விட்டுருங்க" என்றார். விட்டேன்.

ஒரே திருப்பு. மளுக் என்றது.

என் முகம் அத்தனையும் சுற்றி வந்து, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே நின்றது. செவ்வந்தி, பொட்டு, பெரிய கண்கள். அத்தனை மாதமாகக் கனவில் தேடிய முகம். அதை முதன்முதலாகப் பார்த்த அந்தக் கணத்தில், உயிர் போகிற வலியில், என் வாயிலிருந்து அடிவயிற்றுக் குரலில் வந்தது: "ஐயோ அம்மா."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். வாசலில் நின்ற சனங்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். பெண்ணைப் பார்த்துப் பிடிக்கவில்லை என்று சொன்ன மாப்பிள்ளைகள் உண்டு. பார்த்து அலறியவன் அதுவரை யாரும் இல்லை.

கொலுசு உள்ளே போய்விட்டது. ஐயா கதவோரம் போய், "என்னம்மா சொல்ற?" என்றார், கேட்கவே கூச்சப்பட்டுக்கொண்டு.

கோவில் வரிசையில் கேட்ட அதே குரல் சொன்னது: "நாளைக்கி வர்றவரு நல்லா சிரிச்சிக்கிட்டே பாப்பாரு. சிரிப்புக்குள்ள என்னா இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்? இவருகிட்ட அந்தத் தொல்லை இல்லப்பா. உள்ள இருக்கறது வெளிய வந்துருது."

அன்று ராத்திரி ஊரடங்கால் தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் தங்கினோம். மறுநாள் ஜாசினிலிருந்து வந்த சீன மெக்கானிக் அந்த ஸ்பிரிங்கையும் ஆணியையும் வைத்து மூடிவிட்டு, இனிமேல் இதைத் திறக்கக்கூடாது என்று என் கையில் ஸ்பேனரால் லேசாக ஒரு தட்டு தட்டினார். தை மாதம் கல்யாணம்.

நாற்காலி மட்டும் அவ்வளவு ஒடுக்கமாக இல்லாமல் இருந்திருந்தால், நானும் கௌரவமாகத் திரும்பி, கௌரவமாகச் சிரித்திருப்பேன். என்ன ஆகியிருக்குமோ. இப்போது என் மனைவி புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்பாள். நன்றாயிருக்கிறது என்பேன். "மொதத் தடவ பாத்தப்ப சொன்னீங்களே, அதுதான் உண்ம. மத்ததெல்லாம் மரியாதைக்கு" என்பாள். கல்யாண போட்டோவை யாரிடம் காட்டினாலும் கதையைச் சொல்லாமல் விடமாட்டாள். கதையில் நான் கத்துகிற இடம் வருஷா வருஷம் நீண்டுகொண்டே போகிறது.

போன மாதம் எங்கள் பெரியவனுக்குப் பெண் பார்க்க புக்கிட் காத்திலுக்குப் போனோம். அவன்தான் கார் ஓட்டினான், முன்பக்கமாக. பெண் வீட்டு வாசலில் கார் நின்றது. உள்ளேயிருந்து ஆட்கள் வரவேற்க வந்துகொண்டிருந்தார்கள். அவன் கதவைத் திறக்கப் போகும்போது, பின் சீட்டிலிருந்து அவன் அம்மா தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"தம்பி, கத்தறதுன்னா இங்கியே கத்திட்டு எறங்கு."