முதுகு காட்டாத அழகியநம்பி பிள்ளை

"கொஞ்சம் அந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுங்களேன்."

"மாட்டேன். அந்தப் பக்கம் சுவருல்லா இருக்கு? பாக்க வாறவனுக்கு முதுகையா காட்டச் சொல்லுதே?"

ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகு மண்டி வைத்திருந்த அழகியநம்பி பிள்ளை, சொந்த மிளகிலேயே வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் விரிசல் விட்டுப் படுத்துவிட்டார். ஆறடி உயரம், இரட்டை நாடிச் சரீரம். மனைவி பிச்சம்மாளோ ஒரு குடம் தண்ணீர் எடுத்தாலே ஒரு பக்கம் சாய்கிறவள்.

நர்ஸ் ராகேல் கறாராகச் சொல்லியிருந்தாள். "ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும். வெள்ளிக்கிழமை வருவேன். முதுகிலே ஒரு செவப்பு கண்டாலும் படுக்கைப்புண்ணுக்கு ஆரம்பந்தான். அன்னிக்கே ஆஸ்பத்திரி."

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயதாம்பூலம். தட்டை ஆஸ்பத்திரி வராந்தாவிலா மாற்றுவது? இரவில் கொழுந்தன் வந்து புரட்டிவிடுவான், பகல்தான் பெரும்பாடு.

சுவர்தானே குறை? ஆள் வைத்துக் கட்டிலை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டாள்.

"ஆருமில்லாத பக்கம் நான் எதுக்குத் திரும்பணும்?" என்றார் பிள்ளை. அவள் தோளைப் பிடித்துத் தள்ளப் போனாள். "தொடாதட்டி!" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. வந்தவருக்கு முதுகு காட்டமாட்டாரே! நாற்காலியை எந்தப் பக்கம் போடுகிறோமோ, அந்தப் பக்கம் திரும்பித்தானே ஆக வேண்டும்? நாற்காலி இருந்தது, உட்காரத்தான் ஆள் இல்லை. அடுத்த வீட்டுச் சரசம்மாவின் காதில் போட்டாள். "அவங்களுக்குக் கொஞ்சம் மோசந்தான், பாத்துக்கிடுங்க."

சரசம்மாவிடம் சொன்னால் தமுக்கு அடித்த மாதிரி. மறுநாள் எட்டு மணிக்கு ஒருவர் வந்தார், பத்துக்கு ஒருவர், பன்னிரண்டுக்கு ஒருவர். ஒவ்வொருவரும் வாசலையே அடைக்கிற ஆள். "கை குடுங்க தம்பி" என்று அவர்களைப் பிடித்துக்கொண்டு பிள்ளை சமர்த்தாகப் புரண்டார்.

பிச்சம்மாள் பூரித்துப் போனாள். ஆனால் சேதி நாகர்கோவில் வரை போய்விட்டது. வியாழக்கிழமை பிள்ளையின் அக்காள் பொன்னம்மை, வாசலிலேயே முடியை அவிழ்த்துப் போட்டு ஒப்பாரியோடு நுழைந்தாள்.

"நான் இன்னும் போகல்ல அக்கா. காப்பியைக் குடி" என்றார் பிள்ளை.

அவள் பின்னாலேயே சம்பந்தி வீட்டு ஆள். "நிச்சயத்தைத் தள்ளி வச்சிரலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"தள்ளி வைக்கதா!" என்று பிள்ளை போட்ட சத்தத்தில், சாகிற மனுஷன் இல்லை என்று தெளிந்து அவன் ஓட்டமாய் ஓடினான்.

வெள்ளிக்கிழமை ராகேல் வந்து முதுகைத் தடவித் தடவிப் பார்த்தாள். "ஒரு பொட்டுகூட இல்லை. கல்யாண வேலையைப் பாருங்க."

பிச்சம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தினமும் கணக்குக் காட்ட வரும் மண்டிக் கணக்குப்பிள்ளை தங்கப்பனை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கிசுகிசுத்தாள். "எல்லாம் என் சூழ்ச்சியாக்கும். நாற்காலியை மாத்தி மாத்திப் போட்டே புரட்டிட்டேன். மனுஷனுக்கு ஒண்ணும் தெரியாது."

தங்கப்பன் தலையைச் சொறிந்தான். "அம்மா, வந்ததெல்லாம் நம்ம மண்டியிலே மூட்டை தூக்குறவங்களாக்கும். 'என்னைத் தூக்கினா பிச்சம்மா இடுப்பும் ஒடிஞ்சிரும், ரெண்டு மணிக்கூருக்கு ஒருத்தனை வெள்ளை வேட்டி கட்டி அனுப்பு, அவகிட்ட மட்டும் சொல்லிராதே'ன்னு முதலாளி நர்ஸ் சொன்ன அன்னிக்கே சொல்லிட்டாரு."