பட்டியலில் முதல் இடம்

கணினி அலறியது. தையல்கடைக்காரி கத்தரிக்கோலை வைத்துவிட்டு அதன் விலாவைத் தொட்டுப் பார்த்தாள். இஸ்திரிப்பெட்டிக்குப் போட்டியாகச் சுட்டது. திரையில் செவிலியர் சீருடை ஒன்றின் தோள்பட்டை பாதியில் உறைந்து நின்றது. நாளை மாலைக்குள் அறுபது சீருடைகளுக்கு அளவுப்படம் போட்டு வெட்டியாக வேண்டும்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களின் பட்டியலைத் திறந்தான்.

"அக்கா, பிராசசர் நூறு சதவீதம் ஓடுது. லிஸ்ட்ல முதல்ல நிக்குது பாருங்க, இந்த அளவுப்படம் போடுற சாப்ட்வேர், அதுதான் காரணம்."

"முதல்லதான் நிக்கும். எழுதினது என் பொண்ணு. ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து அவ எதுலயும் ரெண்டாவதா வந்ததில்ல."

"இதுல முதல்ல வந்தா நல்லதில்லக்கா."

"நீங்க வேற எங்கயாவது பாருங்க தம்பி."

மகளின் மென்பொருள் பெருமையைக் கேட்காமல் அந்தத் தெருவில் ஒருவரும் ஒரு பட்டன்கூடத் தைத்து வாங்கியதில்லை. இப்போது அதில் கோளாறு என்று ஒப்புக்கொண்டால் யார் முகத்தில் விழிப்பது?

வைரஸ் தடுப்பானை எடுக்கச் சொன்னாள். எடுத்த அரை மணியில் எடை குறைக்கும் மாத்திரை விளம்பரம் ஒன்று வந்து சீருடையின் இடுப்பை மறைத்தது. உள்ளே இருந்த காற்றாடியை மாற்றச் சொன்னாள். புதியது பழையதைவிட உரக்கக் கத்தியது. கடைசியில் மேசை விசிறியைக் கணினிக்கு நேரே திருப்பி வைத்தாள். சூடு இம்மியும் குறையவில்லை. வெட்டி வைத்திருந்த காகித அளவுகள்தான் வாசலைத் தாண்டிச் சாலைக்குப் பறந்தன. இருவரும் ஓடிப்போய்ப் பொறுக்கினார்கள். சீருடையின் இடது கை மட்டும் லாரியில் அடிபட்டிருந்தது.

மூச்சு வாங்க உட்கார்ந்த மெக்கானிக், "முடியலக்கா. அந்த சாப்ட்வேர் கம்பெனிக்கே போன் போட்டுடுறேன்" என்றான்.

"போடுங்க. ஆனா யாரு கடைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பொண்ணு பேரு கெட்டுடும்."

ஸ்பீக்கரில் போட்டான். உதவி மையத்துப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"படம் பெருசா இருந்தா அப்படித்தான் ஆகும் சார். விநாடிக்கு ஒருதரம் மொத்தப் படத்தையும் அதுவே சேவ் பண்ணிக்கும். செட்டிங்ஸ்ல அதை அஞ்சு நிமிஷம்னு மாத்திடுங்க."

மாற்றினான். நூறு சரசரவென்று இறங்கி ஏழில் நின்றது. காற்றாடி வாயை மூடிக்கொண்டது. உறைந்திருந்த தோள்பட்டை ஒரு துள்ளலோடு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

மெக்கானிக் தையல்கடைக்காரியை ஓரக்கண்ணால் பார்த்தான். "அப்ப இது எழுதினவங்க பண்ணின தப்புதானே மேடம்?"

போனைப் பிடுங்க அவள் கை நீட்டினாள்.

"தப்பெல்லாம் இல்ல சார். வேண்டாம்னு நாங்க எவ்வளவோ சொன்னோம். எழுதின மேடம்தான் பிடிவாதமா வெச்சாங்க. அவங்க அம்மா எதையும் சேவ் பண்ணவே மாட்டாங்களாம்."