மூணாம் சட்டம்

“அழிச்சிட்டேன்னு சொல்றேன்ல மேரிக்கா, நான்...”

“எங்க அழிச்ச? என் போன்ல அப்படியே குத்துக்கல்லு மாதிரி...”

“என் போன்ல இல்லியே! இந்தா, நீங்களே பாருங்க...”

“ஒன் போன்ல இல்லாம இருந்து யாருக்கு என்ன? ஐம்பத்திரண்டு பேரு போன்ல இருக்கு சாமியா!”

அறந்தாங்கியில், சாமியாவின் வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தக்கூடச் செய்யாமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே அடைக்கலமேரி சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்ட கையோடு வந்திருந்தாள். யூகேஜி அம்மாக்களின் வாட்ஸாப் குரூப்புக்கு அவள்தான் அட்மின்.

சாமியாவின் போனை வாங்கிப் பார்த்துவிட்டு மேரி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“எல்லாருக்கும் அழிங்கிறத விட்டுட்டு எனக்கு மட்டும் அழிங்கிறத அமுக்கியிருக்க. ஊரு பூரா பார்க்குது, ஒனக்கு மட்டும் தெரியல.”

“யா அல்லாஹ்! அப்ப ரஞ்சனி அக்கா?”

மேரி ஸ்கூட்டியின் எஞ்சினை நிறுத்தினாள். அந்தப் பெயருக்குப் பிறகு இரண்டு பேருக்கும் சத்தம் தானாகக் குறைந்தது.

அந்தக் குரூப்பில் மூன்று சட்டம் உண்டு. ஒன்று, வீட்டுப்பாடம் தவிர வேறு பேச்சு குறைவாக இருக்க வேண்டும். இரண்டு, காலை வணக்கம் போட்டுப் பூ அனுப்பக் கூடாது. மூன்று, பிள்ளைகளுக்கு ஆபத்து, சாவு என்று எந்தச் செய்தியும் போடக் கூடாது. போட்டே தீரவேண்டுமென்றால் முதலில் ‘மனசைக் கலங்கடிக்கும் செய்தி’ என்று எழுதி, அதன்கீழ் இருபது வரிக்கு வெறும் புள்ளி வைத்து, அப்புறம்தான் செய்தி. படிக்க மனசில்லாதவர்கள் புள்ளியிலேயே நின்றுகொள்ளலாம்.

மூணாம் சட்டத்தில் சிவரஞ்சனியின் பெயர் இல்லை. ஆனால் அது அவளுக்காகப் போட்டது என்று அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருசத்துக்கு முன்னால் அவளுடைய மூத்த பிள்ளை, திருவரங்குளத்தில் அம்மா வீட்டுத் தண்ணித் தொட்டியில் விழுந்து போய்விட்டான். அதற்கப்புறம் அவள் காதுபட அந்தப் பிள்ளையின் பெயரை யாரும் சொன்னதில்லை. தண்ணி லாரி எப்போது வரும் என்று குரூப்பில் கேட்க வேண்டியவர்கள்கூட, ‘அது எப்ப வரும்?’ என்றுதான் எழுதுவார்கள்.

அப்படிப்பட்ட குரூப்பில்தான் இன்று காலை எட்டரைக்கு, ஒரு புள்ளிகூட வைக்காமல், சாமியா அதை அனுப்பியிருந்தாள்.

‘சேலம் பக்கம் நடந்தது. வாசல்ல தண்ணித் தொட்டி. மூடி ஒரு சாண்தான் விலகி இருந்தது. பிள்ளை பந்தைத் தேடிப் போனான். அம்மா பாலை இறக்கி வைக்கிற நேரம்தான். தாய்மார்களே, உங்க வீட்டு மூடியை இப்பவே எழுந்து போய்ப் பாருங்க. நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காதீங்க.’

“கண்ணு எங்க இருந்துச்சு ஒனக்கு?” என்றாள் மேரி.

“எங்க ஊரு குரூப்புல வந்துச்சுக்கா. படிச்சதும் ஓடிப்போய் எங்க தொட்டியப் பார்த்தேன். லாரிக்காரன் மூடியைச் சாத்தாமப் போயிருக்கான். பள்ளிக்கூடம் கெளம்புறதுக்கு முன்னாடி எம்மக ஷிஃபா அங்கிட்டுதான் நின்னு பல்லு விளக்கிக்கிட்டு இருந்தா. மூடியை இழுத்துச் சாத்துன கையோட, எல்லாரும் பார்க்கணுமேன்னு அனுப்பிட்டேன். சட்டம் ஞாபகத்துல இல்ல.”

மேரி தன் போனை எடுத்தாள். பிறகு, “சரி, தள்ளு. அட்மினுக்கு எல்லாருக்கும் சேர்த்து அழிக்கிற அதிகாரம் இருக்கு” என்று அழித்தாள்.

செய்தி மறைந்தது. அது இருந்த இடத்தில், அட்மின் ஒரு செய்தியை அழித்தார் என்று வந்து நின்றது. அதுவரை குரூப்பைத் திறக்காதவர்கள் எல்லாம் எழுந்துகொண்டார்கள்.

‘என்ன மெசேஜ்?’

‘லீவா?’

‘ஃபீஸ் ஏத்திட்டாங்களா?’

‘யாரைப் பத்தி மேரிக்கா? சொல்லிட்டு அழிங்க.’

பதினேழு பேர் கேட்ட பிறகு, ஷர்லி என்கிற ஒருத்தி வந்தாள். அவள் ரொம்ப ஒழுங்கு. மனசைக் கலங்கடிக்கும் செய்தி என்று எழுதி, இருபது புள்ளியும் எண்ணி வைத்து, படமெடுத்து வைத்திருந்த அதே செய்தியைத் திரும்பப் போட்டாள். ‘சாமியா அனுப்பினது இதுதான் சிஸ்டர்ஸ். முறையாப் போட்டிருக்கேன்.’

“ஐயோ, அந்த ஷர்லிகிட்ட நான் பேசுறேன்” என்று சாமியா மேரியின் கையிலிருந்த தன் போனைப் பிடுங்கிக்கொண்டு, மூச்சு வாங்கக் குரல் பதிவாகப் பேசினாள். “ஷர்லி, தயவுசெஞ்சு எடுத்துருங்க. ரஞ்சனி அக்கா பார்த்துட்டா என்ன ஆகும்? அவுக மகன் போனதும் தொட்டியிலதானே? நாமளே குத்திக் கிளறுற மாதிரி ஆயிராதா?”

அனுப்பியும் விட்டாள். ஒரு நிமிடம் கழித்து மேரியின் போனிலிருந்து அதே குரல் கேட்டது.

“சாமியா.”

“என்னக்கா?”

“இதையும் குரூப்புலதான் போட்டுருக்க.”

சாமியா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோட்டைப்பட்டினத்திலிருந்து அவள் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் இது. மாப்பிள்ளை குவைத்தில். வந்த புதிதில் பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது ரஞ்சனி. ஷிஃபாவுக்குக் காய்ச்சல் கண்டபோது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கூட உட்கார்ந்திருந்தது ரஞ்சனி. மகனைப் பறிகொடுத்து நாலு மாதம்கூட ஆகாத நேரம் அது.

“ஊருல எவளை வேணாலும் நோகடிச்சிருக்கலாம்க்கா. அவுகளப் போயி...”

“அழாத. யோசிக்க விடு.” மேரி யோசித்தாள். யோசித்ததுதான் தப்பு. “அவ இன்னும் குரூப்பைத் திறந்திருக்க மாட்டா. பத்து நிமிசம் அவள வெளியே எடுத்துருவோம். எல்லாத்தையும் அழிச்சுச் சுத்தம் பண்ணிட்டு, திரும்பச் சேர்த்துக்குவோம். அவளுக்குத் தெரியவே தெரியாது.”

எடுத்தாள். ஷர்லி போட்டதை அழித்தாள். சாமியாவின் குரலை அழித்தாள். ‘ஐயோ பாவம்’ என்று வந்த ஒன்பதையும், கும்பிட்ட கைகள் இருபத்து மூன்றையும், நடுவில் யாரோ விவரம் தெரியாமல் போட்ட பிறந்தநாள் கேக்கையும் அழித்தாள்.

“எடுத்துட்டா அவ போன்ல பழசெல்லாம் போயிருமாக்கா?”

மேரியின் விரல் நின்றது. “போகாதோ?”

அந்த நேரம் சாமியாவின் போனில் டிங் என்றது. ரஞ்சனி. குரூப்பில் இல்லை, தனியாக. ஒரே வரி.

‘என்னை ஏன் எடுத்துட்டீங்க?’

கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

“நேர்ல போயி கால்ல விழுந்துருவோம்” என்றாள் சாமியா.

“இன்னைக்கு வெள்ளிக்கிழமை. அவங்க பக்கத்துல வெள்ளி, செவ்வாய் துக்கம் கேக்கப் போகமாட்டாங்க.”

“நம்ம போறது துக்கம் கேக்கவா? மன்னிப்புக் கேக்க.”

“அதுக்கு நாளு பார்க்கணுமான்னு எனக்குத் தெரியலியே. சரி, வெறுங்கையோடயா போறது?”

கடைத்தெருவில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டு அதற்கும் பேசினார்கள். ஸ்வீட் கூடாது. பழம் வாங்கினால் ஒடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போவது போல் இருக்கும். பூ வேண்டவே வேண்டாம்.

“முறுக்கு?” என்றாள் சாமியா.

“முறுக்கு நல்லதுக்கா கெட்டதுக்கா?”

“ரெண்டுலயும் சேராதுக்கா.”

அரைக் கிலோ வாங்கிக்கொண்டார்கள்.

கதவைத் திறந்தது ரஞ்சனியின் வீட்டுக்காரர் கண்ணுசாமி. பஸ்ஸில் கண்டக்டர். இன்றைக்கு டூட்டி இல்லை போலிருக்கிறது, லுங்கியோடு நின்றார்.

“வாங்க தங்கச்சி, வாங்க மேரிம்மா. உள்ள வாங்க.”

உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள். முறுக்குப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சாமியா மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“ரஞ்சனி?” என்றாள் மேரி.

“உள்ளதான் கெடக்கா. காலையில எட்டரை மணி இருக்கும், போனைப் பார்த்துட்டுச் சிரிச்சா. ரெண்டு வருசத்துல நான் பார்க்காத சிரிப்பு. அப்புறம் என்ன வந்துச்சோ, ஒரு மணி நேரத்துல கதவைச் சாத்திக்கிட்டா. கூப்பிட்டாலும் பேசல.”

மேரி சாமியாவின் காதருகில் குனிந்தாள். “அதிர்ச்சியில சிலபேரு சிரிப்பாங்களாம். நான் கேள்விப்பட்டிருக்கேன்.”

சாமியா எழுந்து நின்றாள். மடியிலிருந்த பொட்டலம் கீழே விழுந்து முறுக்கு சிதறியது. அவள் குனியவில்லை.

“அண்ணே, தப்பு என்னோடது. அந்தத் தொட்டிச் செய்திய நான்தான் அனுப்புனேன். வேணும்னு செய்யல. அவுக மனசு என்ன பாடுபடும்னு யோசிக்காம அனுப்பிட்டேன். அழிச்சாச்சு, எல்லாத்தையும் அழிச்சாச்சு. இனிமே அந்தக் குரூப்புல அப்படி ஒரு செய்தி வராது. அவுக அதைப் பார்த்துட்டாகளான்னு மட்டும் சொல்லுங்க.”

கண்ணுசாமி உள் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“பார்க்குறது என்ன தங்கச்சி, அதை எழுதுனதே அவதான்; சேலம்னு மட்டும் யாரோ வழியில சேர்த்துவிட்டுருக்காங்க. தெரிஞ்ச குரூப்புக்கெல்லாம் அனுப்பிட்டு, ஒங்க குரூப்புல மட்டும் சட்டம் இருக்கே, எம்புள்ளையப் பத்தி அங்க எப்படிச் சொல்லுவேன்னு தெனமும் கேப்பா. இன்னைக்கு அங்கயும் வந்துருச்சுன்னு ஓடியாந்து காட்டுனாளே, அதை அழிக்கிறதுக்கு யாருக்கு மனசு வந்துச்சு?”