புல் கேஸும் சித்ரா பௌர்ணமிச் சாணமும்

பசு வாங்கலாம் என்று கண்ணாத்தாள் கேட்காத நாளில்லை. மலைக்கோயில் அறப்பளீசுவரரிடமும் சொல்லி வைத்திருந்தாள். ஒன்றிய ஆபீஸ் குமாஸ்தாவான கணவர் சுந்தரராஜன்தான் மசியவில்லை.

"மாடு உள்ள வந்தா நான் வெளிய போயிருவேன். புல்லுக்கு எவன் அலையறது?"

அப்படிச் சொன்னவர்தான் அந்தப் பங்குனியில் புல்லுக்கு அலைந்தார். வாசலூர்பட்டி படகுத் துறைப் பூங்காவில் வெட்டிக் கொட்டுகிற புல்லில் கேஸ் எடுத்து அடுப்பெரிக்கலாம் என்று ஆபீசில் வாய்விட்டுவிட்டார். கொண்டை ஊசி வளைவெல்லாம் தாண்டி சிலிண்டர் லாரி வருவதற்குள் அடுப்பு துருப்பிடிக்கிற ஊர். பெரிய அதிகாரி சும்மா விடுவாரா?

"மே தினத்தன்னைக்கு உங்க ஊட்டுக்குக் காபி குடிக்க வாரேன். அந்த கேஸ்லதான் போடோணும்."

கொல்லைக்கு டிரம் வந்தது. குழாய் வந்தது. மூட்டை மூட்டையாய்ப் புல் வந்தது. தெருவே மூக்கைப் பிடிக்கிற நாற்றமும் வந்தது. கேஸ் மட்டும் வரவில்லை.

"ஏனுங்க, வெறும் புல்லு போதுமுங்களா? தினம் ஒரு கூடை சாணி கரைச்சு ஊத்தோணும். ஒரு நாள் தவறுனா அத்தனையும் பாழுங்க" என்றாள் கண்ணாத்தாள்.

விடிந்ததும் பக்கத்து வீட்டு மாதம்மாளின் மாட்டுக் கொட்டகைக்குக் கூடையோடு போவது குமாஸ்தாவுக்கு வழக்கமாயிற்று. சித்திரையில் அடுப்பில் நீலச் சுடர் எட்டிப் பார்த்தது. மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை.

அதிகாரி வர இன்னும் இரண்டே நாள். வியாழக்கிழமை மாதம்மாள் சொன்னாள்: "நாளைக்குச் சாணி இல்லீங்க சாமி."

"ஏன், மாடு லீவா?"

"வெள்ளிக்கிழமைங்க. அதுலயும் சித்ரா பௌர்ணமி. சாணி லட்சுமிங்க, அன்னைக்கு ஊட்டை விட்டு வெளிய குடுப்பாங்களா?"

ஊர் முழுக்க இதே பதிலாகத்தான் இருக்கும் என்றாள் கண்ணாத்தாள். ஒரு நாள் தவறினால் பாழ். அதிகாரி முன்னால் மானம் போகும்.

"வேணும்னா செவலைப் பசுவை இன்னைக்கே புடிச்சுக்குங்க. அப்புறம் அது உங்க சாணி" என்றாள் மாதம்மாள்.

பொழுது சாயுமுன் சுந்தரராஜன் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்.

சனிக்கிழமை அதிகாரி இரண்டு டம்ளர் காபி குடித்தார். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை, பாலைப் பற்றி ஒன்பது வார்த்தை பேசிவிட்டுப் போனார்.

அந்த எரிச்சலில் சுந்தரராஜன் வேலியோரம் போய், "உங்க லட்சுமியால மாடு என் தலையில விழுந்துச்சு" என்றார்.

"எனக்கென்னங்க, நான் எந்த வெள்ளியும் குடுக்கறவதானே? இந்த வெள்ளி வேண்டாம்னு உங்க ஊட்டு அக்காதான் சொன்னாங்க. ஒரு நாள் ஊத்தலைன்னா டிரம்முக்கு ஒண்ணும் ஆகாதுன்னும் அவங்களுக்குத் தெரியுமுங்க."

அவர் வீட்டுக்குள் பாய்ந்தார். கண்ணாத்தாள் விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறக்காமலே மூலையிலிருந்த சாக்கைக் காட்டினாள்.

"பூங்காவுல புல்லு வெட்டறாங்களாம். டிரம்முக்கு ஒரு மூட்டை போதுமுங்க, பசுவுக்கு ரெண்டு கொண்டாங்க."