மேலாளர் கோட்டில் இறங்கிய ஊசிப்புல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தையற்கடையிலிருந்து மாமனார் எழுதுவது. இங்கு நான், உங்கள் அத்தை, போன வாரம் பெட்டியோடு வந்து இறங்கிய உங்கள் மனைவி, மூவரும் நலம். வங்கி மேலாளர் மட்டும் நலமில்லை. அதற்குக் காரணம் நீங்கள்.

புல் ஆராய்ச்சி கூடாதென்று நான் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையிலும் தலையணை அடியிலும் புல் கிடந்தால் எவள்தான் பொறுப்பாள்? "புல்லு வெளியே போகட்டும்ப்பா, அப்புறம் நான் உள்ளே போறேன்" என்கிறாள். கோபத்திலும் மறக்காமல், நீங்கள் புல் தேடப் போகும் கிழிந்த கால்சட்டையைத் தைப்பதற்கு எடுத்து வந்தாளே, அங்கேதான் பிடித்தது சனி. அதை மேலாளரின் புதுக் கோட்டுமேல் போட்டேன். ஒட்டியிருந்த ஊசிப்புல் விதைகள் கோட்டுக்கு மாறியது தெரியாமல், இஸ்திரி போடுமுன் வழக்கம்போல் தண்ணீர் தெளித்தேன். மாப்பிள்ளை, விதை சுற்ற ஆரம்பித்துவிட்டது. முறுக்கியிருந்த வால் பிரிந்து சுழல, கூர்முனை துணிக்குள் இறங்கியது. பதறிப்போய்ச் சூட்டை வைத்தேன், காய்ந்த வால் திரும்ப முறுக்கிக்கொண்டு இன்னும் உள்ளே போனது. இழுத்தால் வரவில்லை, முனையெல்லாம் பின்னோக்கிய ரோமம். அதற்குள் மேலாளர் வந்தார், போட்டுப் பார்த்தார், வியர்த்தார். வியர்வையும் தண்ணீர்தானே. "உள்ளே என்னய்யா வெச்சுத் தைச்சே?" என்று அவர் குதித்த குதியில் தெருவே கூடிவிட்டது.

அவர் போனபின் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஆயுள் முழுக்க ஊசி பிடித்தவன் நான், ஊசிக்கு ஒரு கை வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இது மழையையும் வெயிலையும் வைத்தே தன்னை மண்ணில் தைத்துக்கொள்கிறது.

அது கிடக்கட்டும். வீட்டிலுள்ள புல்லையெல்லாம் உடனே அப்புறப்படுத்திவிட்டு வந்து இவளை அழைத்துப் போங்கள். நீண்ட ஆயுளோடும், கொஞ்சம் சுத்தத்தோடும் இருக்க ஆசீர்வதிக்கும்,

மாமனார்

பி.கு.: ஒரு புல்லையும் வெளியே போட்டுவிடாதீர்கள். கடிதத்தை ஒட்டுமுன் உங்கள் மனைவி பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டாள். கதிரின் அடியில் இருக்கும் பூக்களுக்கு வாலும் கிடையாது, விதையும் கிடையாது, எல்லாம் மேலே உள்ளவற்றுக்குத்தான் என்று எனக்கே பாடம் எடுத்தாள். அப்புறம் விதைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டோம். அது சுற்றி முடிக்கும்வரை இருவரும் மூச்சுவிடவில்லை. "சொல்லிக்கிட்டே இருப்பாருப்பா, ஒருநாளும் கூப்பிட்டுக் காட்டினதில்ல" என்றாள். கண் கலங்கியிருந்தது. பெட்டியைக் கட்டிவிட்டாள், கடிதத்தையும் அவளே கொண்டுவருகிறாள். நீங்கள் இவ்வளவு நேரம் இதைப் படித்துக்கொண்டிருக்க, அவள் வாசலிலேயே நிற்பாள். முதலில் உள்ளே கூப்பிடுங்கள்.