வந்து சொல்லாத கலியாணம்

சிவமயம்

ஹேர்னிங், டென்மார்க்,
19 மார்ச் 2026, வியாழக்கிழமை.

ஹொல்ஸ்டெப்ரோவில் வசிக்கும் தம்பி பாலேந்திராவுக்கு,

அண்ணன் குணநாயகம் எழுதிக்கொள்வது. நானும் உமது மச்சாள் தங்கமலரும் சுகம். நீரும் வீட்டாரும் சுகமா என்று விசாரிப்பது கடிதத்துக்குரிய மரியாதை என்பதால் விசாரித்துவிட்டேன். பதிலுக்கு அவசரமில்லை. இதை நான் பேனையால், வரி வரியாக எழுதுகிறேன். உம்மைப்போல எல்லாக் காரியத்தையும் கட்டைவிரலால் தட்டி முடிக்கிற ஆள் நானில்லை.

உமது மகள் மிதுஷாவின் கலியாண அழைப்பு ஜனவரி மாதம் வாட்சப்பில் வந்தது. இருநூற்றுப் பதினான்கு பேர் இருக்கிற ஒரு குழுவில், இரண்டு புறாக்களும் நாதஸ்வரச் சத்தமுமாக வந்தது. இருநூற்றுப் பதினான்கு பேரில் நான் எத்தனையாவது என்று மேலிருந்து எண்ணிப் பார்த்தேன். ஹேர்னிங்கில் பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்குக் கீழே இருந்தேன். குடும்பத்துக்கு மூத்தவன் வீட்டுக்கு நேரில் வந்து, ஒரு தேத்தண்ணி குடித்து, வாயால் சொல்லிவிட்டுப் போவதுதான் எங்கள் முறை. சொல்லாத கலியாணத்துக்கு நான் போனதில்லை. அதை உமக்கு ஞாபகப்படுத்தத்தான் அன்றைக்கே தொலைபேசி எடுத்தேன். நீர் சொன்ன பதில் ஒரு எழுத்தும் பிசகாமல் என்னிடம் இருக்கிறது.

"அண்ணை, ஹோல் பிடிக்க வேணும், ஐயரைப் பிடிக்க வேணும், எனக்கெங்கை நேரம்? மூத்த ஆள் மூத்த ஆள் எண்டு நிக்கிறியள், உங்களுக்கும் மேல ஆக்கள் இத்தாலியில, பலெர்மோவில இருக்கினம் எண்டு அப்பா சொல்லுறவர். முதல் அவைக்குப் போய்ச் சொல்லிப்போட்டு, பிறகு உங்களிட்டை வாறன்!"

சொல்லிவிட்டுச் சிரித்தீர். பிறகு பிள்ளை தொலைபேசியை வாங்கி, "பெரியப்பா, நீங்கள் வராட்டி எப்பிடி?" என்று கேட்டாள். அவளுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கினவன் நான். அவள் விழுந்த ஒவ்வொரு தடவையும் என் முழங்கால்தான் நொந்தது. ஆனாலும், "வந்து சொல்லாத இடத்துக்கு நான் வாறதில்லை, பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். வைத்த அந்தச் சத்தம் இரண்டு மாதமாக என் காதுக்குள் இருக்கிறது. அதற்கும் நீர்தான் பொறுப்பு.

எனக்கு மேலே யார் இருக்க முடியும்? எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன்தான் நான். ஆனால் சுப்பர்மார்க்கெட் விளம்பரத்தாளைப் பார்த்து டேனிஷ் படித்தேன். செத்த வீடுகளிலும் கலியாண வீடுகளிலும் கிழவர்களைக் கேட்டுக் கேட்டு எங்கள் வம்சவழியை எழுதினேன். சுவருக்கு ஒட்டும் கடதாசிச் சுருளின் பின்பக்கத்தில் நாலு மீட்டர் நீளத்துக்கு அது இருக்கிறது. உச்சியில் பூட்டன் கதிரவேலர், அவருக்கு ஒரே மகன் எங்கள் அப்பப்பா, அவருக்குக் கீழே என் ஐயாவும் உமது அப்பாவும், அதற்குக் கீழே முதல் ஆளாகச் சிவப்பு மையில் நான். பலெர்மோவில் ஒருவருமில்லை என்று நிரூபித்துவிட்டு உம்மோடு கதைப்பது என்று முடிவெடுத்தேன். தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவரின் மருமகன் அங்கே இருக்கிறார். அவர் கோயிலில் நாலு பேரைக் கேட்டதில், மூன்றாம் நாளே சுசீலாதேவி என்று ஒரு பெண் எனக்குத் தொலைபேசி எடுத்து, "கதிரவேலரின்ர ஆக்களோ? நாங்களும் அவரின்ர ஆக்கள்தான். வாங்கோ, வந்து நில்லுங்கோ" என்றாள். குரல் இளம் குரல். அதனால் எனக்குப் பயம் வரவில்லை.

மகள் நிறோஷினி விமானச் சீட்டு எடுத்துத் தந்தாள். பில்லுண்ட் விமான நிலையத்தில் சுருளைச் சந்தேகப்பட்டு விரிக்கச் சொன்னார்கள். விரித்தேன். நாலு மீட்டர் என்றால் மேசை போதாது. எனக்குப் பின்னால் நின்ற இரண்டு டேனிஷ்காரர் ஆளுக்கொரு முனை பிடித்தார்கள். பாதுகாப்புக்கு நின்ற பெண் சிவப்பு மையைத் தொட்டு இது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன். உங்களுக்குக் கீழே நிறையப் பேர் இருக்கிறார்களே என்றாள். உமது வாயிலிருந்து நாற்பது வருடத்தில் வராத மரியாதை அது. தங்கமலர் மட்டும், "இஞ்சாருங்கோ, சுருட்டுங்கோ, பிளேன் போகப்போகுது" என்றாள்.

பலெர்மோவைப் பற்றி உமக்கு எழுத நிறைய இருக்கிறது, ஆனால் நீர் கேட்கவில்லை என்பதால் கொஞ்சமாக எழுதுகிறேன். அங்கே தெருவைக் கடக்க யாரும் பச்சை விளக்குக்குக் காத்திருப்பதில்லை. நான் காத்திருந்தேன். பச்சை வந்தது, வாகனங்கள் நிற்கவில்லை; சிவப்பு வந்தது, சனம் நடந்தது. கால் மணித்தியாலம் நின்ற பிறகு சந்தையிலிருந்து வந்த ஒரு கிழவி என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். அவள் கையில் பை நிறையக் கத்தரிக்காய். ஞாயிற்றுக்கிழமை மலையில் இருக்கும் சாந்தா ரொசாலியா கோயிலுக்குப் போனோம். குகைக்குள் கோயில், கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எங்கள் சனம் திருநீற்றோடு வந்து மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போகிறது. நான் சைவம், கை கட்டி நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். தங்கமலர் கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள். என்ன நேர்த்தி என்று கேட்டால், "உங்களுக்குத்தான், புத்தி வரவேணும் எண்டு" என்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுசீலாதேவிக்கு நாற்பத்திரண்டு வயது, அவள் தம்பி கிருஷாந்துக்கு நாற்பது. அவர் ஒரு உணவகத்தில் சமையல்காரர். நான் டென்மார்க்கில் வந்து இறங்கிய வருடம் பிறந்தவர். என்னை 'ஐயா, ஐயா' என்று கூப்பிட்டு, பெட்டியைத் தூக்கி, எனக்குப் பிடித்த மாதிரியே நடந்துகொண்டார். முதல் நாள் மத்தியானம் மத்தி மீன் போட்ட பாஸ்தா சமைத்து மேசையில் வைத்தார். எனக்கு எதிரில் அவர், பக்கத்தில் சுசீலாதேவி. ஒருவரும் தொடவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. ஆவி அடங்கிவிட்டது. கடைசியில் கிருஷாந்தின் ஆறு வயது மகள் சுஜீதா முள்ளுக்கரண்டியால் கோப்பையில் தட்டி, "அப்பாவுக்கு மூண்டு தரம் சாப்பிடுங்கோ எண்டு சொல்ல வேணும். இல்லாட்டி சாப்பிட மாட்டார்" என்றாள்.

தம்பி, கேளும். எனக்கும் அப்படித்தான். என் ஐயாவுக்கும் அப்படித்தான். உமது அப்பா ஒருமுறை யாரும் மூன்றாம் தரம் சொல்லாததால் ஒரு விருந்து முழுக்கத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார் என்பது உமக்குத் தெரியும். அன்றைக்கு அந்த மேசையில் மூன்று பேர், மூன்று தரம், ஒன்பது 'சாப்பிடுங்கோ' சொல்லித்தான் ஆறின பாஸ்தாவைச் சாப்பிட்டோம். உறவுக்காரர்தான் என்பது அங்கேயே உறுதியாகிவிட்டது. என்ன முறை என்பதுதான் கேள்வி. சுருளை விரித்தேன்.

சுசீலாதேவி உள்ளே போய் ஒரு டேனிஷ் பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். அன்று காலை நான் அன்பளிப்பாகக் கொடுத்த அதே நீல டின் என்று நினைத்தேன். இல்லை, இது பழையது, உள்ளே பிஸ்கட் இல்லை. ஒரு காணி உறுதி இருந்தது. 1934ஆம் ஆண்டு நொத்தாரிசு எழுதியது. கதிரவேலர் என்பவர் தமது இரண்டாம் தாரத்து மகன் சிவகுரு, வயது இரண்டு, பேரில் எழுதிக் கொடுத்த காணி. அந்தச் சிவகுருதான் சுசீலாதேவிக்கும் கிருஷாந்துக்கும் தகப்பன். ஐம்பது வயதில் கலியாணம் முடித்து, பிறகு பலெர்மோவுக்கு வந்து, ஆறு வருடத்துக்கு முன் காலமாகியிருக்கிறார்.

பூட்டனுக்கு இரண்டாம் தாரமா என்று நான் நம்பவில்லை. கையெழுத்தைக் காட்டச் சொன்னேன். கையெழுத்து இல்லை. கட்டைவிரல் அடையாளம் இருந்தது. பூட்டன் கோயிலில் புராணத்துக்குப் பொருள் விரித்துப் பயன் சொன்ன பண்டிதர் என்று முப்பது வருடமாக மேடை மேடையாகச் சொல்லி வருகிறவன் நான். "வயசான காலம், கை நடுங்கியிருக்கும்" என்றேன்.

"ரண்டாம் தாரம் கட்டேக்கை நடுங்கேல்லையோ?" என்றாள் தங்கமலர்.

கிருஷாந்த் சுருளின் உச்சியில் விரலை வைத்து மெதுவாகக் கீழே கொண்டுவந்தார். கதிரவேலருக்கு மகன் எங்கள் அப்பப்பா. இன்னொரு மகன் சிவகுரு. அப்பப்பாவின் மகன் என் ஐயா. சிவகுருவின் மகன் கிருஷாந்த். ஆக, கிருஷாந்தும் என் ஐயாவும் ஒரே படி. ஐயாவுக்குத் தம்பி முறை. எழுபத்துமூன்று வயதில் எனக்கு நாற்பது வயதுக் குஞ்சியப்பு. சுசீலாதேவி எனக்கு மாமி. அந்த ஆறு வயதுக்காரி என் தங்கச்சி. அவள் உடனே விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணை, உங்கட தலைமயிர் ஏன் வெள்ளை?" என்றாள்.

"விடுங்கோ ஐயா, நீங்கள்தான் வயசில மூப்பு" என்றார் கிருஷாந்த்.

விடுவதா? வைலேயில் நடந்த சாமத்தியச் சடங்கில், என்னைவிட நாலு வயது மூத்த ஒருவரை, முறையில் எனக்கு மகன் என்று சொல்லி எழுப்பிக் கும்பிட வைத்தவன் நான். வயதைப் பாஸ்போர்ட்டில் மாற்றிய ஆட்கள் எங்களில் எத்தனையோ பேர். முறையை மாற்றியவர் எவருமில்லை என்று அன்றைக்குச் சொன்னதும் நான்தான். எழும்பினேன். கையெடுத்துக் கும்பிட்டு, "குஞ்சியப்பு" என்றேன். அவருக்கு வெட்கம், குசினிக்குள் ஓடிவிட்டார். தங்கமலர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு இத்தாலியர் யன்னலைத் திறந்தார்கள். என் சுருளில் உச்சிக்குப் பக்கத்தில் இடமில்லை, பாஸ்தாப் பெட்டி ஒன்றை வெட்டிப் பசையால் ஒட்டி அதில் அவர்கள் கிளையை எழுதினேன். என் பேரை அழிக்கவில்லை. முதல் ஆள் என்ற சொல்லை மட்டும் அழித்தேன்.

பிறகு ஏன் இத்தனை காலம் இவர்களைப் பற்றி ஒரு சொல்லும் எங்கள் வீட்டில் இல்லை என்று கேட்டேன். அதை அறியாமல் எனக்கு நித்திரை வராது போலிருந்தது. சுசீலாதேவி மாமிதான் சொன்னாள்.

"உங்கட ஐயாவின்ர கலியாணம் ஐம்பத்தொண்டில நடந்ததாம். எங்கட அப்பம்மாவும் அப்பாவும் அப்ப ஒழுங்கைக்கு அங்காலதான் இருந்தவை. அப்பாவுக்குப் பத்தொன்பது வயசு, புதுச் சேட்டுத் தைச்சு வைச்சுக்கொண்டு இருந்தவராம். ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. வண்டிக்காரனிட்டைச் சொல்லிவிட்டவையாம். ஆள்விட்டுச் சொன்ன வீட்டுக்கு நாங்கள் போறதில்லை எண்டு அப்பம்மா மகனையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போட்டா. அப்பா சாகுமட்டும் அந்தச் சேட்டைப் பற்றித்தான் கதைப்பார்."

இருநூறு கெஜத் தூரம் நடக்க எங்கள் அப்பப்பாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. மாமியின் அப்பம்மாவும் விட்டுக்கொடுக்கவில்லை. எழுபத்தைந்து வருடம் போயிற்று. எனக்கு ஒரு சின்ன அப்பப்பா இருந்தார் என்பதே அவர் செத்து ஆறு வருடத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். எப்படிச் சிரிப்பார், எப்படிக் கதைப்பார் என்று எத்தனையோ கேட்டேன். நானும் அவரும் ஒரே மாதிரித் தும்முவோமாம்.

ஆனால் இதனால் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நீர் நினைக்கக் கூடாது. நியாயம் நியாயம்தான். பலெர்மோவில் மூத்த ஆட்கள் இருப்பதாக நீர் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். முதலில் அவர்களுக்குச் சொல்லிவிட்டு என்னிடம் வருவதாகவும் நீரே சொன்னீர். அதன்படி நீர் விமானம் ஏறிப் பலெர்மோவுக்குப் போய், குஞ்சியப்புவுக்கும் மாமிக்கும் வாயால் சொல்லும். அவர் சாப்பிடச் சொன்னால் மூன்றாம் தரம்தான் சாப்பிடும். திரும்பி வந்து ஹேர்னிங்கில் எனக்குச் சொல்லும். அதுவரைக்கும் உமது வாசல்படியை நான் மிதிக்கப்போவதில்லை, கலியாண ஹோலுக்கு நான் வரப்போவதில்லை. மே மாதம் இரண்டாம் திகதி பிள்ளை மாலையோடு நிற்கும்போது நான் வீட்டில் தனியே இருந்து சோறு தின்பேன். இது முடிந்த முடிவு. கட்டைவிரலால் காரியம் முடிக்கும் பழக்கம் உமக்கு யாரிடமிருந்து வந்தது என்பதையும் இப்போது தெரிந்துகொண்டேன், அதற்காக உம்மை இனிக் குறை சொல்லமாட்டேன்.

மிதுஷாவுக்கும் அவளைக் கைப்பிடிக்கப்போகிற பிள்ளைக்கும், கதிரவேலர் வம்சத்தில் தானாகவே டேனிஷ் எழுதப்படிக்கக் கற்ற முதல் ஆளின் முழு ஆசீர்வாதம். உமக்குப் பாதி.

இப்படிக்கு,
குடும்பத்தில் மூன்றாவது மூத்தவன்,
செ. குணநாயகம்

பி.கு: 28ஆம் திகதி, சனிக்கிழமை. இதை ரயிலில் இருந்து எழுதுகிறேன், எழுத்து ஆடினால் என் கை நடுங்கியதாக நினைக்க வேண்டாம். கடிதத்தை ஒட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனால் சிவப்புத் தபால்பெட்டியைக் காணவில்லை. நாடு முழுக்கக் கழற்றிவிட்டார்களாம். எனக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லை. அடுத்த முனைக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்தேன். ஒன்பது நாள் கடிதம் மேசையில் கிடந்தது. நேற்றுக் குஞ்சியப்பு எங்களைப் பார்க்கப் பலெர்மோவிலிருந்து வந்து இறங்கினார், வேலையில் நாலு நாள் லீவு எடுத்து. மேசையில் கிடந்ததைக் கேட்டு வாங்கி வாசித்தார். சிரிக்கவில்லை. "பெறாமகன், சப்பாத்தைப் போடும், கொண்டுபோய்க் குடுப்பம்" என்றார். மூத்தவர் சொன்னால் தட்டக் கூடாது என்பது என் சட்டம். அதை உடைத்துவிட்டு நான் யாருக்கு முகம் காட்டுவது? தங்கமலர் எனக்கு முன்னமே கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள்.

ஆகவே இப்போது மணி அடித்ததும் கடிதத்தை உமது கையில் தந்ததும் நாங்கள்தான். குஞ்சியப்புவுக்கு உங்கள் ஊர்க் காற்றுப் பழக்கமில்லை, கெதியாய் வாசித்து முடியும். முடிந்ததும் கலியாணத்துக்கு வரச்சொல்லி வாயால் ஒருதரம் சொல்லும், முதலில் அவருக்கு, பிறகு எனக்கு. வாசலில் நின்று சொன்னாலும் அது வந்து சொன்ன கணக்குத்தான். யார் வீட்டுக்கு யார் வந்தது என்பதை நான் ஒருவருக்கும் சொல்லப்போவதில்லை.